டப்பாவுக்கு ஏது உரைகல்?

காஞ்சிபுரத்தில் பட்டு பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள், முந்தானை ஓரத்தில் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுவார்கள். அசல் பட்டானால் இழை மெல்லப் பொசுங்கும். தீயை விலக்கியதும் அணைந்துவிடும். மிஞ்சிய கரியை விரலால் நசுக்கினால் பொடிப்பொடியாக உதிரும். கூடவே, தலைமுடி கருகும்போது வருகிற அதே நாற்றம் வரும். பாலியெஸ்டர் என்றால் இழை உருகிச் சொட்டும், ஆறியதும் கெட்டி உருண்டையாக நிற்கும். பட்டுப்புழு கக்கிய நூலுக்கும் நம் தலையில் முளைக்கும் முடிக்கும் ஒரே நாற்றம் வருவதற்குக் காரணம், இரண்டுமே புரதம்.

ஜரிகையில் இந்த வித்தை பலிக்காது. நல்ல ஜரிகையின் நடுவில் பட்டு நூல் இருக்கும், அதைச் சுற்றித் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். முழு ஜரிகையில் தங்கத்தின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இராது. வெள்ளி இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியை வைத்து முலாம் பூசிவிட்டால், கடை விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். பிள்ளையார்பாளையத்தில் பிறந்து, தறிக்குழியில் ஐம்பது வருஷம் காலை மிதித்தவருக்கும் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். ஆகவே ஒரு காலத்தில் கல்லில் உரசிப் பார்த்தார்கள். இன்று எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள். கருவி அனுப்பும் கதிர் ஜரிகையின் அணுக்களில் உள்ளடுக்கு எலக்ட்ரானைத் தட்டிவிடும். அந்தக் காலியிடத்தில் வெளியடுக்கு எலக்ட்ரான் வந்து விழும்போது ஓர் ஒளித்துணுக்கு கிளம்பும். தங்கத்துக்கு ஓர் அளவு, வெள்ளிக்கு ஓர் அளவு, செம்புக்கு ஓர் அளவு. எண்ணிப் பார்த்தால் எது எத்தனை பங்கு என்று சில நொடியில் தெரிந்துவிடும். ஊரிலேயே தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அசல் பட்டுக்கென்று 2004 முதல் சில்க் மார்க் முத்திரை இருக்கிறது. ஒரு புடவை கைக்கு வருவதற்குள் இத்தனை கேள்விகள் கேட்கலாம்.

அதே ஊரில் நாலு தெரு தள்ளி ஓர் இளைஞன், கையில் சில ஆயிரம் ரூபாயோடு, சத்துப் பவுடர் டப்பா வாங்கப் போகிறான். கபடி ஆடுபவனாக இருக்கலாம், பளு தூக்குபவனாக இருக்கலாம், போலீஸ் தேர்வுக்கு விடிகாலையில் ஓடுபவனாக இருக்கலாம். டப்பாவில் ஒளிப்படம் இருக்கிறது, ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்ற எண் இருக்கிறது. அந்த எண்ணை உரசிப் பார்க்க அவனிடம் எந்தக் கல்லும் இல்லை. உடுத்தும் பட்டுக்கு இருக்கிற பரிசோதனை, உடம்புக்குள் போகிற பொடிக்கு இல்லை என்பது என்னை நெடுநாளாக உறுத்துகிறது. இந்தக் கட்டுரையே அந்த உறுத்தலிலிருந்து வந்ததுதான்.

முதலில் அந்த 24 கிராம். ஒரு பொருளில் எவ்வளவு புரதம் என்று அளக்க, டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் யோஹான் ஷெல்டால் 1883-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். உலகம் முழுக்க உணவு ஆய்வகங்களில் இன்றும் அதுவோ, அதன் வழிவந்த முறைகளோதான் புழக்கத்தில் இருக்கின்றன. பொருளை அமிலத்தில் வேகவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, 6.25 என்ற எண்ணால் பெருக்குவார்கள். மாவுச்சத்திலும் கொழுப்பிலும் நைட்ரஜன் கிடையாது, புரதத்தில் உண்டு. ஆகவே நைட்ரஜனை எண்ணினால் புரதத்தை எண்ணியதாக ஆகிவிடும் என்பது கணக்கு. கணக்கு நல்ல கணக்குதான், பொருள் நேர்மையாக இருக்கும்வரை.

இப்படி யோசித்துப் பாருங்கள். ஒரு காஞ்சிப் பட்டை நைசாகப் பொடித்து அந்த ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். முடிவு என்ன வரும்? உயர்தரப் புரதம் என்று வரும், பால் பொடியைவிட அதிகமாகவே காட்டும். பட்டின் ஃபைப்ராயின் என்ற புரதத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கிளைசினும் அலனினும்தான். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியவை இவை இரண்டும். சிறியவை என்பதால்தான் நெருக்கமாக அடுக்கி உட்கார்ந்து, இழைக்கு அந்த உறுதியையும் பளபளப்பையும் கொடுக்கின்றன. ஆனால் தசை கேட்கிற லூசின் அதில் பெயரளவுக்குத்தான் உண்டு. பாலின் தெளிவிலிருந்து எடுக்கும் வே புரதத்திலோ பத்தில் ஒரு பங்கு லூசின். தசைச் செல்லுக்குள் லூசின் போய்ச் சேர்ந்தால்தான், புதுப் புரதம் கட்டு என்ற உத்தரவைப் பிறப்பிக்கும் எம்டார் என்ற பொறி முடுக்கிவிடப்படும். பட்டுப்பொடி தின்றவனுக்கு நைட்ரஜன் கிடைக்கும், புஜம் கிடைக்காது.

பட்டை யாரும் பொடிக்கப்போவதில்லை. ஆனால் கிளைசின் மூட்டை மூட்டையாக மலிவு விலையில் கிடைக்கிறது, டாரின் என்ற இன்னோர் அமினோ அமிலமும் கிடைக்கிறது. வே புரதத்தைக் குறைத்து அந்த இடத்தில் இவற்றைக் கலந்தால், நைட்ரஜன் சோதனையில் எண் குறையாது. செம்புக் கம்பிக்குத் தங்க முலாம் பூசுவதற்கு நேர் ஒப்பான வேலை இது. இதே நைட்ரஜன் ஓட்டையை 2008-ல் சீனாவில் இன்னும் கொடூரமாகப் பயன்படுத்தினார்கள். தண்ணீர் கலந்த பாலில் நைட்ரஜனைக் கூட்டிக் காட்ட, பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் மெலமைனைச் சேர்த்தார்கள். சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள், ஆறு குழந்தைகள் இறந்தன.

நம் நாட்டு டப்பாக்களின் நிலை என்ன என்று உரசிப் பார்த்தவர்கள் கேரளத்துக்காரர்கள். கொச்சி ராஜகிரி மருத்துவமனையின் கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும், இந்தியாவில் அதிகம் விற்கும் 36 புரதப் பொடிகளை வாங்கி ஆய்வகத்தில் சோதித்தார்கள். முடிவு 2024 ஏப்ரலில் ‘மெடிசின்’ ஆய்விதழில் வந்தது. 36-ல் 25 பொடிகளில் லேபிள் சொன்ன புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிகூட இல்லை. ஐந்தில் பூஞ்சை நச்சும், மூன்றில் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன. கல்லீரல் மருத்துவர் ஒருவர் ஏன் இந்த வேலையில் இறங்கினார் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. இப்படிப்பட்ட பொடிகளும் மூலிகைக் கலவைகளும் தின்று கல்லீரல் கெட்டு வருகிறவர்களைப் பார்ப்பதுதான் அவர் தொழில்.

சரி, தசைக்கு உண்மையில் எவ்வளவு புரதம் வேண்டும்? 49 ஆய்வுகளை, 1,863 பேரை ஒன்றுசேர்த்து 2018-ல் ஒரு பகுப்பாய்வு வந்தது. எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் வரை புரதம் தசையைக் கூட்ட உதவுகிறது, அதற்குமேல் கொட்டினாலும் பெரிதாக ஏறுவதில்லை என்றது அது. 60 கிலோ எடையுள்ள ஆட்டக்காரருக்கு 96 கிராம். இதை நம் அடுப்படியில் தேட முடியுமா? மூன்று முட்டையில் 18 கிராம். ஐம்பது கிராம் மீல் மேக்கரில் 26. ஒரு கை வேர்க்கடலையில் 12. அரை லிட்டர் பாலும் தயிருமாக 16. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலிலோ கொள்ளிலோ 10, 11. மூன்று வேளைச் சோறு, இட்லி, கேழ்வரகுக் களி எல்லாம் சேர்ந்து 20. கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. மீன் கிடைக்கிற நாளில் இன்னும் சுலபம். டப்பா இல்லாமல் முடியாது என்று ஒரு பையனை நம்ப வைப்பது, அவன் வீட்டுச் சமையலை அவமதிப்பதாகவே எனக்குப் படுகிறது.

வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்ந்த மாவை ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். அந்த மாவின் அடிப்படை அரிசியும் உளுந்தும். அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, உளுந்தில் மெதியோனின் குறைவு. ஒன்றில் குறைவதை மற்றொன்று நிரப்புகிறது. அமினோ அமிலம் என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சேர்க்கை நம் உரலில் அரைபட்டுக்கொண்டிருந்தது. ஓட்டப் பயிற்சி முடித்து வருகிறவருக்குத் தேவையான மாவுச்சத்தும் அதிலேயே இருக்கிறது. தசையின் எரிபொருளான கிளைக்கோஜன் அதிலிருந்துதான் நிரம்பும். பயிற்சி முடிந்ததும் புரதம் புரதம் என்று அலைகிற பலரும் மறந்துபோவது இந்தச் சோற்றைத்தான்.

துணைச்சத்து எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அறிவியல் சோதனையில் தேறியவை சில உண்டு, ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூட்டிய நிபுணர் குழு 2018-ல் சலித்து எடுத்தவை காஃபீன், கிரியாட்டின், நைட்ரேட், பீட்டா அலனின், பைகார்பனேட் ஆகியவை. கடைசியாகச் சொன்னது நம் வீட்டு சமையல் சோடாவேதான். வேகமான ஓட்டத்தில் தசையில் சேரும் அமிலத்தன்மையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆனால் வயிற்றைக் கலக்கி எடுத்துவிடும், ஆகவே தானாக முயன்று பார்க்கிற சமாசாரம் இல்லை.

கிரியாட்டினைக் கபடியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு ரெய்டு 30 நொடி. அதற்குள் பாய்ந்து தொட்டு, உதறிக்கொண்டு திரும்பும் அந்த நாலைந்து நொடிதான் உயிர். அந்த வெடிப்புக்குத் தசை மூச்சுக்காற்றை நம்பிக் காத்திருக்க முடியாது. கையிருப்பில் உள்ள ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு கண் இமைக்கும் நேரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்ததை உடனே மீட்டுக் கொடுப்பது பாஸ்போகிரியாட்டின். ஏறத்தாழ பத்து நொடிக்கு அதன் கைங்கரியம்தான் நடக்கும். நம் உடம்பே தினமும் ஒரு கிராம் அளவுக்குக் கிரியாட்டின் செய்துகொள்கிறது, மீனும் கறியும் தின்றால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். சைவ உணவுக்காரர்களுக்குத் தசையில் இருப்பு சற்றுக் குறைவு, அதனால் கூடுதலாக எடுத்துக்கொண்டால் பலன் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். நாளைக்கு 3 முதல் 5 கிராம் போதும். தசை தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் ஆரம்பத்தில் ஒரு கிலோ வரை எடை ஏறும். எடைப் பிரிவு வைத்து ஆடுகிற ஆட்டங்களில் அந்த ஒரு கிலோ ஒருவரைப் போட்டிக்கே வெளியே நிறுத்திவிடக்கூடும்.

காஃபீனின் கதை வேறு மாதிரி. நாள் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வந்து, களைத்துவிட்டாய் என்று சொல்லும். காஃபீன் அந்த அடினோசின் உட்கார வேண்டிய இருக்கையில் முந்திப் போய் உட்கார்ந்துவிடும். களைப்பு இருக்கும், களைத்த செய்தி வந்து சேராது. ஒலிம்பிக் அமைப்பு 1984 முதல் இதைத் தடைப் பட்டியலில் வைத்திருந்தது, சிறுநீரில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் குற்றம். 2004 ஜனவரியில் தடை விலகியது, இப்போது கண்காணிப்பில் மட்டும் இருக்கிறது. ஆகவே போட்டியன்று காலையில் டிகாக்ஷன் காப்பி குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட வேண்டியதில்லை. எடை கிலோவுக்கு 3 மில்லிகிராமிலேயே பலன் தெரிகிறது. ஜிம்முக்குப் போகுமுன் குடிக்கிற ‘ப்ரீ ஒர்க்அவுட்’ பொடிகளில் ஒரே ஸ்கூப்பில் பல டம்ளர் காப்பிக்குச் சமமான காஃபீனைத் திணித்திருக்கிறார்கள். அதுதான் நெஞ்சைப் படபடக்க வைக்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது நைட்ரேட்டின் பயணம். பீட்ரூட்டிலும் முளைக்கீரை, தண்டுக்கீரை போன்றவற்றிலும் அது நிறைய உண்டு. குடித்த பீட்ரூட் சாறு குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. உடம்பு அதில் ஒரு பங்கை மறுபடி எச்சிலுக்கே அனுப்புகிறது. நாக்கின் பின்புறம் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன. அதை விழுங்கினால் உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது, இரத்தக் குழாய் விரிகிறது. எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜோன்ஸ் குழு 2009-ல், ஆறு நாள் தினமும் அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்தவர்கள் சைக்கிள் மிதிப்பில் 16 சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்ததைக் கண்டது. ஓட்டப் பந்தயத்தின் நேரக் கணக்கில் அது ஓரிரு சதவீதமாகச் சுருங்கிவிடும், உச்ச நிலை வீரர்களுக்கு இன்னும் குறைவு. கிருமிநாசினி மவுத்வாஷால் வாய் கொப்பளித்தால் நாக்குப் பாக்டீரியா செத்து, குடித்த சாறு வீண். நம் வாயில் வாழும் ஓர் உயிர்க்கூட்டம் நம் ஓட்டத்தில் பங்கெடுக்கிறது என்று எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

இதுவரை சொன்னது லேபிளில் எழுதியிருந்தும் உள்ளே குறைவாக இருப்பது பற்றி. அதைவிட ஆபத்தானது, லேபிளில் எழுதாமல் உள்ளே இருப்பது.

ஜெர்மனியின் கொலோன் நகர ஊக்கமருந்து ஆய்வகம் 2000, 2001 ஆண்டுகளில் 13 நாடுகளில் 634 துணைச்சத்துப் பொருள்களை வாங்கிச் சோதித்தது. எல்லாமே ஹார்மோன் கலக்காதவை என்று விற்கப்பட்டவை. அவற்றில் 94-ல், அதாவது நூற்றுக்குப் பதினைந்தில், ஆண் ஹார்மோனின் மூலப்பொருள்கள் இருந்தன. சிலவற்றில் வேண்டுமென்றே கலந்திருக்கலாம், ஆனால் பெரும்பாலும் ஒரே இயந்திரத்தில் ஒன்றை அரைத்துவிட்டுச் சரியாகக் கழுவாமல் அடுத்ததை அரைப்பதால் வருவது. எவ்வளவு கலந்தால் மாட்டுவோம்? நாண்ட்ரலோன் என்ற ஸ்டீராய்டின் மூலப்பொருள் ஒன்றை வெறும் 2.5 மைக்ரோகிராம் உட்கொண்ட சிலருக்கே சிறுநீர் சோதனை வரம்பைத் தாண்டியது என்று பிரிட்டன் ஆய்வொன்று காட்டியது. 5 கிராம் பொடியில் 20 லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவு தசையில் ஒரு நூல்கூட ஏற்றாது. ஆனால் ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கையை நிறுத்திவிடப் போதும்.

ஏனென்றால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் விதி கறாரானது. உன் உடம்பில் இருந்தால் நீதான் பொறுப்பு. எப்படி வந்தது, யார் கொடுத்தார்கள் என்பதெல்லாம் தண்டனைக் காலத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும். குற்றம் குற்றம்தான். அநியாயமாகத் தோன்றும். ஆனால் தெரியாமல் தின்றுவிட்டேன் என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டால் எல்லோருமே அதைத்தான் சொல்வார்கள் என்பது மறுபக்க நியாயம். விதியை நான் குறை சொல்லவில்லை. அதன் பாரம் முழுவதும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளின் தோளில் இறங்குகிறதே, டப்பா செய்தவனிடமும் அதை வாங்கிக் கொடுத்த மாஸ்டரிடமும் ஒரு பங்குகூடப் போவதில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டியில் பெண்கள் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியா தங்கம் வென்றதை மறந்திருக்க மாட்டோம். அந்த நால்வரில் மூவர், அஷ்வினி அக்குஞ்சி, மந்தீப் கவுர், சினி ஜோஸ், மறு ஆண்டே சோதனையில் சிக்கினார்கள். வேறு மூன்று வீராங்கனைகளும் சேர்ந்து ஆறு பேர். கண்டறியப்பட்டவை மெத்தாண்டியனோன், ஸ்டானோசலால் என்ற ஸ்டீராய்டுகள். உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் யூரி ஓகரோட்னிக் சீனாவிலிருந்து வாங்கிக் கொடுத்த ஜின்செங் மூலிகையில்தான் அவை இருந்தன என்றார்கள். பயிற்சியாளர் நீக்கப்பட்டார். இந்தியத் தீர்ப்பாயம் ஓராண்டுத் தடை விதித்தது. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றமோ, போதிய கவனம் எடுக்கவில்லை என்று சொல்லி 2012 ஜூலையில் அதை இரண்டாண்டாக உயர்த்தியது. லண்டன் ஒலிம்பிக் அவர்கள் இல்லாமலேயே நடந்தது.

மூலிகை என்றால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. செடிக்குத் தடைப் பட்டியல் தெரியாது. கோயில் குளத்தில் பூக்கிற தாமரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விதைக்குள் இருக்கும் பச்சை முளையில் ஹிகனமின் என்ற பொருள் இருக்கிறது. மூச்சுக்குழாயை விரிக்கும் தன்மை உள்ள அதை வாடா 2017-ல் பெயர் சொல்லியே தன் பட்டியலில் சேர்த்தது. மருந்துக் கடையில் வாங்குகிற இருமல் மருந்தும் அப்படித்தான். யூசுப் பதான் 2017-லும் பிரித்வி ஷா 2019-லும் மாட்டியது டெர்புட்டலின் கலந்த இருமல் மருந்தால். இருவரும் விளையாட்டு மருத்துவரை எட்டிப்பிடிக்க வசதியுள்ள கிரிக்கெட்காரர்கள். மாவட்ட மைதானத்தில் ஓடுகிற பெண்ணுக்கு அந்த வசதி ஏது?

தமிழ்நாட்டில் நம் நெஞ்சில் முள்ளாக நிற்பது கோமதி மாரிமுத்துவின் கதை. திருச்சி அருகே முடிகண்டத்திலிருந்து கிளம்பி, 2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளத்தில் 800 மீட்டரை 2 நிமிடம் 02.70 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். ஊரே கொண்டாடியது. ஒரு மாதம் ஆகவில்லை, நாண்ட்ரலோன் செய்தி வந்தது. தெரிந்து எதையும் எடுத்ததில்லை என்று அவர் மறுத்தார். இரண்டாவது மாதிரியும் அதையே காட்டியது. தங்கம் போயிற்று, நான்கு ஆண்டுத் தடை வந்தது. அதே திருச்சி மண்ணின் தனலட்சுமி சேகர், 2021-ல் 200 மீட்டரில் பி.டி. உஷாவின் கூட்டமைப்புக் கோப்பைப் போட்டிச் சாதனையை முறியடித்தவர். அடுத்த ஆண்டே மெத்தாண்டியனோனால் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்குப் போக முடியாமல் போனது. எது எப்படி உள்ளே போனது என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். அந்த வெற்றிகளுக்குக் கைதட்டிய நாம், அந்தப் பெண்கள் என்ன சாப்பிட்டார்கள், யாரைக் கேட்டுச் சாப்பிட்டார்கள் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

வாடாவின் கணக்கில் 2023-ல் இந்தியா எடுத்த 5,606 மாதிரிகளில் 214-ல் தடைப்பொருள் தெரிந்தது, 3.8 சதவீதம். 2024-ல் 7,113-க்கு 260, 3.6 சதவீதம். பெரிய அளவில் சோதனை நடத்தும் நாடுகளில் இதுதான் மிக உயர்ந்த விகிதம். இதில் வேண்டுமென்றே எடுத்தவர்கள் நிறையப் பேர் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீடும், ஒரு பதக்கத்தால் குடும்பமே கரையேறும் என்ற எதிர்பார்ப்பும் பிள்ளைகளை ஊசிமுனைக்குத் தள்ளுகின்றன. இந்த எண்ணிக்கைக்குள் வராதவர்கள் இன்னொரு பக்கம். காவலர் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டியவனும், அழகுக்காக மார்பை விரிக்க நினைக்கிறவனும் எந்த வாடா சோதனைக்கும் உட்படுவதில்லை. அவர்களுக்கு உடம்புதான் சோதனைக்கூடம்.

அங்கே நடப்பது இது. ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து, ஆண் ஹார்மோன் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு மரபணுவரை போய், தசைப் புரதம் கட்டச் சொல்கிறது. தசை ஏறும், அதில் பொய் இல்லை. ஆனால் இரத்தத்தில் ஹார்மோன் மிதமிஞ்சி இருப்பதைப் பார்த்த மூளையின் பிட்யூட்டரி, விதைப்பைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும். மருந்தை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் சொந்த உற்பத்தி எழுந்திருக்காது. மாத்திரையாக விழுங்கும் வகைகள் கல்லீரலைத் தாக்கும், இதயச் சுவர் தடிக்கும். பெண்களுக்குக் குரல் கட்டையானால் பழைய குரல் திரும்புவதில்லை.

ஆய்வகம் இதைக் கண்டுபிடிக்கும் விதத்தில் ஓர் அழகு இருக்கிறது. மெத்தாண்டியனோன் போன்றவற்றை உடம்பு செய்யாது, ஆகவே இருந்தாலே குற்றம். டெஸ்டோஸ்டீரானோ உடம்பே செய்வது. ஊசியில் போட்டதும் விதையில் சுரந்ததும் அணுவுக்கு அணு ஒரே மூலக்கூறு. பிரிப்பது எப்படி? கார்பனில் நூற்றுக்கு ஒரு பங்கு சற்றே கனமான கார்பன்-13. நெல், கோதுமை, சோயா, உளுந்து போன்ற பயிர்கள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும்போது அந்தக் கனமானதைக் கொஞ்சம் ஒதுக்கிவிடும். கம்பு, சோளம், கேழ்வரகு, கரும்பு அவ்வளவாக ஒதுக்காது. மருந்துக்கான டெஸ்டோஸ்டீரானைப் பெரும்பாலும் சோயா போன்ற செடிகளின் சத்திலிருந்து செய்கிறார்கள், ஆகவே அதில் கார்பன்-13 குறைவு. மனிதன் இரண்டு வகையும் கலந்து தின்கிறான், காப்பியில் கரும்புச் சர்க்கரை போட்டுக் குடிக்கிறான், ஆகவே அவன் உடம்பு செய்ததில் அது கூடுதல். ஆளுக்கு ஆள் சாப்பாடு மாறுமே என்றால், அதே சிறுநீரில் உள்ள மற்ற ஸ்டீராய்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கூடப் பிறந்தவற்றோடு ஒத்துப்போகாத டெஸ்டோஸ்டீரான் வெளியிலிருந்து வந்தது. ஒரே நிறத்தில் மின்னும் இரண்டு ஜரிகையில் எது அசல் என்று சொல்கிற கல் இதைவிடத் துல்லியமாக இருக்க முடியாது. அந்தக் கல்லை ஆட்டக்காரரின் சிறுநீருக்கு வைத்திருக்கிறோம், அவர் வாங்கும் டப்பாவுக்கு வைக்கவில்லை.

உண்மையிலேயே பலருக்குத் தேவைப்படுகிற ஒரு துணைச்சத்தைப் பற்றி ஜிம்மில் யாரும் பேசுவதில்லை. இரும்பு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்த பெண்ணுக்கு எந்தப் புரதப் பொடியும் ஓட்டத்தைக் கொடுக்காது. பயிற்சியில் பின்தங்குகிறவளைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன், ஹீமோகுளோபினும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டினும் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு டப்பாவின் விலையில் சிறு பகுதி. குறைவு தெரிந்தால் மருத்துவர் சொன்ன அளவில் இரும்பு மாத்திரை போதும். குறைவு இல்லாதவர்கள் தானாக விழுங்கினால் கேடு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவருக்கு டப்பா வேண்டியிருக்கலாம். விடுதியில் முட்டையும் பாலும் சரியாகக் கிடைக்காமல் இருக்கலாம், நாளெல்லாம் பிரயாணத்தில் இருக்கலாம். அப்படியானால், தடைப்பொருள் இல்லை என்று தொகுதி தொகுதியாக வெளி ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெற்றதை மட்டும் வாங்க வேண்டும். மருந்துக்கு, நம் நாட்டின் ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலியில் பெயரைத் தட்டிப் பார்க்க வேண்டும். பில்லை எடுத்து வைக்க வேண்டும். தொகுதி எண் தெரியும்படி டப்பாவைப் படம் பிடிக்க வேண்டும். முடிந்தால் அதே தொகுதியில் இன்னொரு டப்பாவைப் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

கிக்கர் வென்சில் என்ற அமெரிக்க நீச்சல் வீரர் 2003-ல் இப்படித்தான் மாட்டினார். யோசித்து யோசித்துப் பார்த்தும் காரணம் புரியவில்லை. கடைசியில் மீதமிருந்த சாதாரண வைட்டமின் மாத்திரைகளைத் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினார், தடைப்பொருள்கள் அதில்தான் இருந்தன. இரண்டு ஆண்டுத் தடை அப்படியும் விலகவில்லை, ஏதென்ஸ் ஒலிம்பிக் போயிற்று. ஆனால் அந்த மாத்திரைகளை வைத்து உற்பத்தியாளர் மீது வழக்குத் தொடுத்தார். 2005-ல் நடுவர் குழு அவருக்குச் சுமார் 6 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவர் அந்தப் புட்டியைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தார்.